ஆள் பார்த்துக் கடிக்கும் மீன்

களவா மீன் வாயை அகலத் திறந்தபடி அசையாமல் நிற்கிறது. விரல் நீளமுள்ள குட்டி மீன் ஒன்று அதன் பற்களுக்கு நடுவே புகுந்து செவுள் வழியாக வெளியே வருகிறது. களவாவுக்கு அது ஒரு வாய்க்குக்கூடக் காணாது. ஆனாலும் விழுங்குவதில்லை.

நீல உடலில் தலை முதல் வால் வரை கறுப்புப் பட்டை ஓடும் இந்தக் குட்டியின் பெயர் கிளீனர் ராஸ். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது. மன்னார் வளைகுடாவிலும் உண்டு. தேடிவரும் மீன்களின் மேல் ஒட்டியிருக்கும் ரத்தம் உறிஞ்சும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்பதே பிழைப்பு. ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் ஆராய்ச்சியாளர் அலெக்ஸாண்ட்ரா குரூட்டர் கணக்கிட்டபோது, ஒரு மீன் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்றது.

சிக்கல் என்னவென்றால், இதன் நாக்குக்குப் பிடித்தது ஒட்டுண்ணி அல்ல. வந்த மீனின் தோலைப் போர்த்தியிருக்கும் கோழை. அதில் வாய் வைத்தால் வாடிக்கை மீன் வெடுக்கென்று உதறும். ஆராய்ச்சியாளர்கள் ஏமாற்றுக்குக் கணக்கு வைப்பதே இந்த உதறலைப் பார்த்துத்தான். கோபித்துக்கொண்ட மீனின் முதுகைத் துடுப்பால் வருடிச் சமாதானம் செய்யவும் இதற்குத் தெரியும். களவா போன்ற வேட்டை மீன்களிடம் மட்டும் வாலாட்டுவது அபூர்வம்.

செங்கடலில் ஆராய்ச்சியாளர் ரெடுவான் ப்ஷாரி கண்டது இன்னும் சுவையானது. நாலு இடம் போகக்கூடிய மீன் வந்தால் முதல் மரியாதை அதற்கு. வேறு போக்கில்லாத உள்ளூர் மீன் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அடுத்த மீன் பார்த்துக்கொண்டிருந்தால் ராஸ் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்பதை அவரும் குரூட்டரும் 2006இல் காட்டினார்கள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்யும்போது பெண் கடித்துவிட்டால், வாடிக்கை இருவருக்கும் போகிறது. 2010இல் வெளியான சோதனையில் வாடிக்கை மீனுக்குப் பதில் தட்டு. அதில் சாதாரணத் தீனியும், பிடித்தமான இறாலும். பெண் இறாலைத் தின்றதும் தட்டை எடுத்துவிட்டார்கள். ஆண் பெண்ணைத் துரத்தித் துரத்தித் தண்டித்தது. அடுத்த முறை பெண் அடக்கி வாசித்தது.

ஆணின் இந்தக் கண்டிப்பை நியாய உணர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. இந்த மீன்கள் எல்லாமே முதலில் பெண்கள்தான். கூட்டத்தின் ஆண் செத்துப்போனால், பெரிய பெண் சில மணி நேரத்திலேயே ஆணைப்போல் நடக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் முழு ஆணாகிவிடும். ஏமாற்றித் தின்று கொழுக்கும் பெண் நாளைய போட்டியாளர். உருவத்தில் தன்னை நெருங்கிவிட்ட பெண்ணைத்தான் ஆண் கடுமையாகத் துரத்துகிறது.