குழுவின் சொந்த எமோஜி

ஜப்பானிய மொழியில் 'எ' என்பது படத்தையும் 'மொஜி' என்பது எழுத்தையும் குறிக்கும். எமோஜி என்றால் பட எழுத்து. எல்லாக் கைப்பேசிகளுக்கும் பொதுவான எமோஜிகளை யூனிகோடு கூட்டமைப்பு வரையறுக்கிறது. 2019ஆம் ஆண்டில் சேலை, ஆட்டோ, அகல்விளக்கு ஆகியவை அப்பட்டியலில் சேர்ந்தன. டோக்கியோ கோபுரத்துக்கும் அதில் இடமுண்டு. 1591இல் எழுந்த ஐதராபாத்தின் சார்மினாருக்கு இல்லை.

இக்குறையை உரையாடல் குழுவினர் தாமே நீக்கிக்கொள்ளலாம். டிஸ்கார்டு தளத்தில், அனுமதி பெற்ற உறுப்பினர் 256 கிலோபைட்டுக்கு மிகாத படத்தைப் பதிவேற்றி, அதற்குப் பெயரிடுவார். படம் மிகச் சிறியதாகத் தோன்றுமாதலால், நுண்ணிய வேலைப்பாடு வேண்டா. நான்கு மினார்களின் புறவடிவமே போதும். பெயரின் இருபுறமும் முக்காற்புள்ளி இட்டுத் தட்டச்சு செய்தால் படம் தோன்றும்.

பொது எமோஜி ஒவ்வொன்றுக்கும் உலகம் ஏற்ற குறியெண் உண்டு. குழுவின் எமோஜியோ வெறும் படமே. ஆகவே அதை வேறிடத்தில் ஒட்டினால் பெயர் மட்டுமே தெரியும். பொருள் விளங்கும் பெயரைச் சூட்டுவது இதனால் இன்றியமையாதது.

ஒருவரின் முகத்தை அவரது இசைவின்றி எமோஜியாக்குதல் தகாது. வாய்ச்சொல்லாக எழும் கேலி சிலரோடு மறைந்துவிடும். அதுவே எமோஜியானால், குழுவில் உள்ள எவரும் எந்நேரமும் ஒரே தொடுகையில் அதைத் திரும்பச் சொல்ல இயலும். அத்தகைய படத்தை உடனே நீக்குவது பொறுப்பாளரின் முதற்கடமை.

சிந்தித்து எழுதுக: உங்கள் ஊருக்கென ஓர் எமோஜி வரைந்து, பெயரிட்டு, அப்பெயரைத் தேர்ந்த காரணத்தை எழுதுக.