மடிக்கணினி இயங்க மறுத்தால்...

கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் அனுபவமுள்ள உழவர் எவரும் உடனே மோட்டாரைக் கழற்றுவதில்லை. மின்சாரம் வருகிறதா, பியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வீட்டிலுள்ள மடிக்கணினிக்கும் இதே முறை பொருந்தும்.

2011ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின் பல உழவர் இல்லங்களில் இக்கருவி இடம்பெற்றது. பிள்ளைகளின் படிப்புக்கு மட்டுமன்றி, சாகுபடிச் செலவுக் கணக்கு, மண் பரிசோதனை முடிவு, பத்திர நகல் ஆகியவற்றைச் சேமிக்கவும் இது பயன்படுகிறது. பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் இது இயங்காமல் போனால் பெரும் தவிப்பு ஏற்படும். இத்தகைய பழுதுகளில் சிலவற்றைச் செலவின்றி வீட்டிலேயே நீக்கலாம்.

அறிகுறியைக் கவனியுங்கள்

இயங்காத மடிக்கணினியில் காணப்படும் நிலைகள் மூன்று.

1. பொத்தானை அழுத்தினால் விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை.
2. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. ஆனால் திரை இருண்டிருக்கிறது.
3. திரையில் நிறுவனத்தின் சின்னம் தோன்றுகிறது, அதற்குமேல் நகரவில்லை.

முதல் நிலைக்குப் பெரும்பாலும் மின்சாரக் குறையே காரணம். இரண்டாவது நிலை திரையையோ நினைவகத்தையோ சார்ந்தது. மூன்றாவது நிலை வன்தட்டையோ மென்பொருளையோ சார்ந்தது.

விளக்கே எரியாவிட்டால்

முதலில் அதே பிளக்கில் வேறு ஒரு விளக்கையோ கைப்பேசி சார்ஜரையோ செருகி, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து அடாப்டரின் கம்பியை முழுநீளத்திற்கும் பார்வையிடுங்கள். எலி கடித்திருக்கலாம், முனையருகே மடங்கி உள்ளே அறுந்திருக்கலாம். கடிபட்ட கம்பியைப் பயன்படுத்தக் கூடாது.

பல நாள் பயன்படுத்தாத கணினியில் பேட்டரி அடியோடு தீர்ந்திருக்கும். அடாப்டரை இணைத்து அரைமணி நேரம் விட்டபின் முயலுங்கள்.

பயன் இல்லையெனில் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாயின் அதையும் கழற்றுங்கள். பிறகு இயக்கும் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் இதனால் வெளியேறும். பின்னர் பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் இணைத்து இயக்குங்கள். இப்போது இயங்கினால் பேட்டரியில்தான் குறை இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் பொத்தானை அழுத்திப் பிடிப்பது மட்டும் போதும்.

வேறு அடாப்டர் வாங்க நேர்ந்தால் பழைய அடாப்டரின் மேல் அச்சிட்டுள்ள வெளியீட்டு வோல்ட் அளவும் முனையின் வகையும் மாறாமல் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

திரை மட்டும் இருண்டிருந்தால்

திரையின் ஒளியைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். பிறகு இருட்டில், கைவிளக்கின் ஒளியைத் திரையின்மேல் சாய்வாகப் பாய்ச்சுங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் கணினி நன்றாக உள்ளது. திரையின் பின்விளக்குதான் பழுது. தொலைக்காட்சிப் பெட்டியையோ வேறு திரையையோ கம்பி வழியாக இணைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம்.

எதுவும் தெரியாமல் பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் நினைவகப் பலகை தளர்ந்திருக்கலாம். உத்தரவாதக் காலம் முடிந்த கணினியாயின், பழகியவர் மட்டும் மின்சாரத்தையும் பேட்டரியையும் நீக்கி, மூடியைத் திறந்து, பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மென்மையான ரப்பரால் இலேசாகத் துடைத்து, மீண்டும் அழுந்தப் பொருத்தலாம். பலகையைத் தொடுமுன் வெறும் இரும்புப் பொருள் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலை மின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும்.

சின்னத்தோடு நின்றுவிட்டால்

செருகியுள்ள பென் டிரைவ், மவுஸ், பிரிண்டர் அனைத்தையும் நீக்கிவிட்டு இயக்குங்கள். விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளில் தொடக்கம் சிலமுறை தடைபட்டால் பழுது நீக்கும் பக்கம் தானாகவே தோன்றும். அதில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ரீசெட்’ என்பதை அவசரப்பட்டுத் தொட வேண்டாம். அதனுள் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கணக்குகள் அனைத்தும் அழிந்துவிடும்.

வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி வந்தால் உடனே கணினியை நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப இயக்கினால் மீட்கக்கூடிய கோப்புகளும் பாழாகும்.

கோப்புகளே முக்கியம்

கணினி பழுதானால் கோப்புகளும் போயின என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் வன்தட்டைத் தனியே கழற்றி, வேறு கணினியில் இணைத்து, கோப்புகளை நகலெடுக்கலாம். ஆகவே பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது, “முதலில் கோப்புகளை எடுத்துக் கொடுங்கள், பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். சில கணினிகளில் வன்தட்டு பூட்டப்பட்டிருக்கும். திறக்க 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படும். கணினி நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள். விதை நெல்லை ஒரே குதிரில் வைக்காதது போலக் கணக்குகளையும் பென் டிரைவில் மாதம் ஒருமுறை நகலெடுத்துத் தனியே வைப்பது நலம்.

செய்யக் கூடாதவை

• பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் செய்வதும், அழுத்துவதும், குத்துவதும் கூடாது, தீப்பிடிக்கும்.
• தண்ணீரோ காபியோ கொட்டினால் இயக்கிப் பார்க்கக் கூடாது. மின்சாரத்தை நீக்கிக் கவிழ்த்து வைத்து, குறைந்தது ஒரு நாள் காற்றில் உலர விடுங்கள். அரிசியில் புதைத்தால் தவிடும் தூசும் உள்ளே புகும்.
• அடாப்டரைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

வருமுன் காத்தல்

அடாப்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். எனவே குறைந்த அழுத்தத்தால் கேடு அதிகமில்லை. ஆனால் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம், அடாப்டர் கருகிவிடும். விளக்குகள் திடீரென்று மிகப் பிரகாசமாக எரிந்தால் உடனே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இடி மின்னலின்போது அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள்.

களத்துத் தூசியும் உமியும் காற்றுத் துளையை அடைத்தால் கணினி சூடேறித் தானே நின்றுவிடும். மெத்தை மேலோ தகரக் கொட்டகையிலோ வைத்து இயக்காமல், பலகையின் மேல் நிழலில் வைத்து இயக்குங்கள்.

உழவர் பெருமக்கள் இம்முறைகளை வரிசையாகக் கையாண்டால் வீண் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கலாம். இவற்றிற்குப் பின்னும் இயங்காவிட்டால் நம்பகமான பழுதுநீக்குபவரை நாடுங்கள். கண்ட அறிகுறியையும் செய்த சோதனைகளையும் அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.