மண்டையோட்டை அளந்த மாணவி

நம் புனே நகரின் எரவாடாப் பகுதியில் உள்ள டெக்கான் கல்லூரியை அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். 1939 முதல் அங்கே பணியாற்றிய மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே அம்மையாரை நாம் நினைவுகூர்தல் நன்று.

இளமையில் அவர் பெர்லினில் பயின்றார். வெள்ளையர் மண்டையோடு இடவலம் ஒவ்வாதது, அதுவே அவர்தம் அறிவு மேன்மைக்குச் சான்று என்று கருதிய ஆசிரியர் ஆய்கன் ஃபிஷர், அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அம்மையார் 149 மண்டையோடுகளை அளந்தார். இனத்துக்கும் அவ்வேற்றுமைக்கும் தொடர்பில்லை எனக் கண்டு, அஞ்சாது அதையே எழுதினார். ஃபிஷரோ பின்னாளில் ஹிட்லரின் இனக்கொள்கைக்குத் துணைநின்றார்.

இது பழங்கதையன்று. அமெரிக்காவில் சிறுநீரகத்தின் திறனைக் கணிக்கும் சூத்திரம், கறுப்பினத்தவருக்கு மட்டும் அத்திறனைக் கூட்டிக் காட்டி வந்தது. அதனால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பலருடைய பெயர் காலந்தாழ்ந்தே ஏறியது. 2021-இல்தான் இனக்கணக்கை நீக்குமாறு அறிஞர் குழு பரிந்துரைத்தது.

பிறப்பைக் கொண்டு பிறர் நம்மை எடைபோடுவதை அயலூரில் வாழும் நாம் அறிவோம். நாமும் பிறரை அவ்வாறு எடைபோடுவதுண்டு. ஆகவே நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்: ஆசானை வணங்குக, அவருக்காக அளவைத் திருத்தற்க.