அணையத் தாமதிக்கும் கணினியும் அவசரப்படும் கைகளும்

கணினி இயங்கத் தொடங்குவதற்கு எடுக்கும் நேரத்தைச் சகித்துக்கொள்கின்ற நாம், அது ஓய்வதற்கு எடுக்கும் நேரத்தைச் சகித்துக்கொள்வதில்லை. வேலை முடிந்துவிட்டது, காரியாலயத்தைப் பூட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நிற்கும் வேளையில், 'இற்றைப்படுத்தல் நடைபெறுகின்றது, கணினியை அணைக்க வேண்டாம்' என்ற வாசகம் திரையில் தோன்றினால், பலரது கை தானாகவே மின் ஆளியை நோக்கிச் செல்கின்றது. மறுநாள் காலையில் கணினி இயங்க மறுக்கும்போதுதான் முதல்நாள் மாலையின் அவசரம் நினைவுக்கு வருகின்றது. பாடசாலைகளின் புள்ளிப் பதிவேடுகளும் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளும் பல்கலைக்கழக மாணவரின் ஆய்வேடுகளும் கணினிக்குள் குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில், இதனைத் தொழில்நுட்பவியலாளர்களுக்கு மாத்திரம் உரிய விடயமென ஒதுக்கிவிட முடியாது.

கணினி அணையத் தாமதிப்பதற்கான காரணங்கள் பல. அவற்றுள் முதலில் ஐயுற வேண்டியது இயங்குதளத்தின் இற்றைப்படுத்தலையே. விண்டோஸ் இயங்குதளத்தைத் தயாரிக்கும் மைக்ரோசொப்ட் நிறுவனம், 2003 ஒக்டோபர் தொடக்கம் ஒவ்வொரு மாதத்தினதும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகின்றது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை பத்து மணியாக இருக்கும். இலங்கையில் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணியாகிவிடும். ஆகவே, எமது கணினிகளில் பெரும்பாலானவை புதன்கிழமையிலிருந்தே அத்திருத்தங்களைப் பெற்றுக்கொள்கின்றன. அதனையடுத்த ஓரிரு நாட்களில் மாத்திரம் கணினி அணையத் தாமதித்து, பின்னர் வழமைக்குத் திரும்புமாயின் அது பழுதன்று, வேலை.

இவ்வேலையை ஏன் அணைக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும் பாலத்தின் தூணை எவரும் மாற்றுவதில்லை. அதேபோன்று, இயங்குதளம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பொன்றை அது இயங்கும்போதே அகற்றி வேறொன்றை வைப்பது விண்டோஸில் இலகுவான காரியமல்ல. எனவே, பதிவிறக்கமும் ஆயத்தங்களும் நாம் வேலை செய்யும்போதே பின்னணியில் நடைபெற, கோப்புகளை மாற்றும் இறுதிக்கட்டம் அணைக்கும் நேரத்துக்கும் அடுத்து இயங்கத் தொடங்கும் நேரத்துக்குமாக ஒதுக்கப்படுகின்றது. சுழலும் தட்டைக் கொண்ட பழைய வன்தட்டுகளில் இதற்கு நீண்ட நேரம் எடுக்கும், எஸ்.எஸ்.டி. எனப்படும் நவீன சேமிப்பகத்தில் சில நிமிடங்களில் முடிவடையலாம்.

இந்த இடைநடுவில் மின்சாரம் நின்றுவிட்டால், மேற்கொண்ட மாற்றங்களை மீளப்பெற்று பழைய நிலைக்குத் திரும்புவதற்குக் கணினி முயலும். பெரும்பாலும் அதில் வெற்றியும் பெறும்; ஆனால், எப்போதும் அல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையிலான மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஏற்பட்ட மின்தடையையும் அனுபவித்தவர்கள் நாம். மேசைக் கணினிக்குத் தடையில்லா மின்வழங்கி எனப்படும் யூ.பி.எஸ். ஒன்றைப் பொருத்துவதும், மடிக்கணினியாயின் போதிய மின்னேற்றத்துடன் இற்றைப்படுத்தலுக்கு இடமளிப்பதும் இங்கு ஆடம்பரமல்ல.

இற்றைப்படுத்தல் முடிந்து வாரங்கள் கடந்த பின்னரும் தாமதம் நீடிக்குமாயின், அப்போதுதான் அதனைக் கோளாறாகக் கொள்ள வேண்டும். அணைக்கும் கட்டளை கிடைத்ததும் இயங்குதளம் திறந்திருக்கும் மென்பொருட்களையும் பின்னணியில் இயங்கும் சேவைகளையும் ஒவ்வொன்றாக விடைபெறுமாறு கேட்கின்றது. பதில் வராவிடின் குறித்த நேரம் வரை காத்திருக்கின்றது. இச்சேவைகளுக்கென விண்டோஸ் எக்ஸ்.பி. காத்திருந்த நேரம் 20 விநாடிகள். விண்டோஸ் 8 முதல் அது 5 விநாடிகளாகக் குறைக்கப்பட்டது. லினக்ஸ் இயங்குதளங்கள் பலவற்றில் இந்த அவகாசம் 90 விநாடிகள் வரை நீளும். புதிய திருத்தத்துடன் ஒத்துப்போகாத பழைய அச்சுப்பொறி இயக்கியோ, வைரஸ் தடுப்பு மென்பொருளோ பதில் சொல்லாமல் நின்றால் அணைதல் இழுபடும்.

இந்தக் காத்திருப்பு நேரத்தை மேலும் குறைத்துவிடுவதே பரிகாரம் என்று சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. இதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம். கணக்கு மென்பொருளொன்றின் தரவுத்தளம் இறுதிப் பதிவுகளை எழுதி முடிப்பதற்கும் அந்த விநாடிகளே பயன்படுகின்றன. ஐந்து விநாடிகளை மிச்சப்படுத்தப்போய் ஐந்து மாதக் கணக்கை இழப்பது புத்திசாலித்தனமாகாது.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, 'ஷட் டவுன்' செய்வதற்குப் பதிலாக 'ரீஸ்டார்ட்' செய்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். 2012 இல் வெளியான விண்டோஸ் 8 முதல், விரைவுத் தொடக்கம் என்ற வசதி செயற்படும் கணினிகளில், அணைத்தல் என்பது முழுமையான அணைத்தல் அல்ல. இயங்குதளத்தின் உட்கரு தன் நிலையை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டே உறங்குகின்றது. முழுமையான புதிய தொடக்கம் 'ரீஸ்டார்ட்' செய்யும்போதே கிடைக்கின்றது. இதனால் தாமதம் நீங்காவிடின், 'கன்ட்ரோல் பெனல்' பகுதியிலுள்ள மின்வலுத் தெரிவுகளுக்குச் சென்று விரைவுத் தொடக்கத்தை நிறுத்திப் பார்க்கலாம். கணினி இயங்கத் தொடங்கும் நேரம் சற்றுக் கூடினாலும், அணைதல் சீரடைய வாய்ப்புண்டு.

இரண்டாவதாக, பென்டிரைவ், அச்சுப்பொறி, வெளி வன்தட்டு முதலானவற்றைக் கழற்றிவிட்டு அணைக்க வேண்டும். அப்போது விரைவாக அணையுமாயின், கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்துக் குற்றவாளியைக் கண்டறிந்து, அதற்கான புதிய இயக்கியை நிறுவலாம்.

மூன்றாவதாக, கணினியே எழுதிவைக்கும் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். 'இவென்ட் வியூவர்' என்ற பகுதியின் செயற்றிறன் பதிவேட்டில், அணைவதற்கு எடுத்த நேரம் 200 என்ற இலக்கத்தின் கீழ் மில்லி செக்கன்களில் பதிவாகின்றது. அதனையடுத்த இலக்கங்களில், தாமதத்தை ஏற்படுத்திய மென்பொருளின் அல்லது சேவையின் பெயரே குறிப்பிடப்பட்டிருக்கும். பழுதுபார்ப்பவரிடம் கணினியைக் கொண்டுசெல்லும்போது இப்பெயரைக் கூறினால், இயங்குதளம் முழுவதையும் அழித்து மீள நிறுவும் வீண் செலவு தவிர்க்கப்படலாம்.

இவை பயனளிக்காவிடின், இறுதியாக வந்த திருத்தத்தை மாத்திரம் அகற்றி, அடுத்ததை எதிர்பார்த்துச் சில வாரங்களுக்கு இற்றைப்படுத்தலை இடைநிறுத்தலாம். இற்றைப்படுத்தல் திரையில் எண் ஒரே இடத்தில் நிற்பதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. வன்தட்டின் விளக்கு மின்னும்வரை வேலை நடைபெறுகின்றது. பல மணித்தியாலங்கள் கடந்தும் எண்ணும் மாறாமல் விளக்கும் மின்னாமல் இருந்தால் மாத்திரமே ஆளியை நெடுநேரம் அழுத்தி அணைப்பதை இறுதி வழியாகக் கொள்ளலாம்.

பாவனையாளர் மீதே பழி முழுவதையும் சுமத்துவது நீதியாகாது. 'இற்றைப்படுத்தி அணைக்கவும்' என்ற தெரிவை அழுத்தியும் கணினி அணையாமல் மீண்டும் இயங்கத் தொடங்கிய குறைபாடு பல்லாண்டு காலமாக நீடித்தது. 2025 ஒக்டோபர் இறுதியில் வெளியான முன்னோட்டத் திருத்தத்திலேயே விண்டோஸ் 11 இல் அதற்குத் தீர்வு தரப்பட்டது. 2026 ஜனவரி 13 ஆம் திகதி வெளியான திருத்தம், குறிப்பிட்டதொரு பாதுகாப்பு வசதியைக் கொண்ட சில விண்டோஸ் 11 கணினிகளை அணைய விடாமல் மீள இயங்கச் செய்தது. 17 ஆம் திகதி அவசரத் திருத்தமொன்று வெளியிடப்பட்டது. அணைந்துவிட்டதென நம்பிப் பையினுள் வைத்த மடிக்கணினி உள்ளே வெப்பமேறிக் கிடப்பதற்கு அதன் சொந்தக்காரர் பொறுப்பாளி அல்லர். கோடிக்கணக்கானோரின் உழைப்பைத் தாங்கும் மென்பொருளைத் தயாரிப்போர், அதனைப் பரிசோதிப்பதிலும் அதற்கேற்ற பொறுப்பைக் காட்ட வேண்டும்.

ஆயினும், இக்குறைகளைக் காரணங்காட்டி இற்றைப்படுத்தலை நிரந்தரமாக முடக்கிவிடுவது, தாழ்ப்பாள் இறுகுகின்றதென்று கதவையே கழற்றி எறிவதற்கு ஒப்பானது. 2017 மே 12 ஆம் திகதி 'வன்னாகிரை' என்ற தீநிரல் 150 இற்கும் மேற்பட்ட நாடுகளின் கணினிகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த 236 நிர்வாக அமைப்புகளுள் 80 பாதிக்கப்பட்டன; நோயாளர்களின் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அத்தாக்குதல் நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தம் மார்ச் 14 ஆம் திகதியே வெளியாகியிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத கால அவகாசம் இருந்தும் அத்திருத்தத்தை நிறுவாத கணினிகளே பலியாகின. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றுள்ளது. மேலதிகப் பாதுகாப்புத் திட்டத்தில் இணையாது அதனைச் சாதாரணமாகப் பயன்படுத்துவோரின் கணினி தாமதமின்றி அணையக்கூடும். ஆனால், அதன் ஓட்டைகள் அடைபடமாட்டா.

ஆகவே, அலுவலகங்களும் பாடசாலைகளும் மாதத்தின் இரண்டாவது செவ்வாயை அடுத்த நாட்களில், வேலை முடிவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே இற்றைப்படுத்தலைத் தொடக்கிவிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது நன்று. அதற்கு முன்னர் முக்கிய கோப்புகளை வேறோரிடத்தில் பிரதி செய்து வைப்பது அதனிலும் நன்று. இதற்குப் பணம் தேவையில்லை. சிறிது ஒழுங்கும் சிறிது பொறுமையுமே தேவை. நாள் முழுவதும் எமக்காக உழைத்த கணினிக்கு, தன்னைச் சீர்செய்துகொள்வதற்கான சில நிமிடங்களை வழங்குவதே எமது உழைப்பைப் பாதுகாப்பதற்கான வழியாகும்.