காவலுக்கு வந்த படை

1965 மார்ச் 8, வியட்நாமின் டா நாங் கடற்கரை. துப்பாக்கியும் மூட்டையுமாக அமெரிக்க மரீன் வீரர்கள் அலையில் இறங்கிக் கரையேறுகிறார்கள். எதிர்த்துச் சுட ஒருவரும் இல்லை. இளம்பெண்கள் மாலையோடு நிற்கிறார்கள். கழுத்தில் மாலை விழுந்தும் முகத்தில் சிரிப்பில்லாமல் நிற்கும் தளபதி கார்ச்சின் புகைப்படம் பிரபலமானது. வந்தவர்கள் சுமார் 3,500 பேர். இட்ட வேலை, அங்கிருந்த விமானத் தளத்தைக் காவல் காப்பது. நான்கு ஆண்டு கழித்து, 1969 ஏப்ரலில், வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் 5,43,000 பேர்.

காவல்காரர்கள் இப்படிப் பெருகியது எப்படி? ஒருநாள் கூடி உட்கார்ந்து போர் என்று முடிவெடுத்திருப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால், அமெரிக்கா கடைசிவரை வியட்நாமில் போர்ப் பிரகடனமே செய்யவில்லை.

முதலில் போனது பணம். வியட்நாமைக் காலனியாக வைத்துக்கொள்ளப் பிரான்ஸ் நடத்திய போரில், கடைசிக் கட்டச் செலவின் பெரும்பங்கு அமெரிக்காவுடையது. 1954-இல் டியென் பியென் பூவில் பிரான்ஸ் தோற்றது. 17-ஆவது அட்சரேகையை ஒட்டி நாடு தற்காலிகமாகப் பிரிந்தது. நாட்டை மறுபடி இணைக்க 1956-இல் நடத்துவதாகச் சொன்ன தேர்தல் நடக்கவில்லை; நடந்தால் வடக்கின் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் ஜெயித்துவிடுவார் என்ற பயம். தெற்கு அரசுக்கு முட்டுக்கொடுக்க அமெரிக்க ராணுவ 'ஆலோசகர்கள்' போனார்கள். 1960-இல் ஆயிரத்துக்கும் குறைவு. 1963 முடிவில் சுமார் 16,000. பேர்தான் ஆலோசகர், ஹெலிகாப்டர் ஓட்டிச் சண்டைக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு.

1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் தன் கப்பல்களை வடவியட்நாம் இருமுறை தாக்கியதாக அமெரிக்கா அறிவித்தது. முதல் தாக்குதல் நடந்தது. இரண்டாவது நடக்கவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், படையைப் பயன்படுத்த அதிபர் ஜான்சனுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டது. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய இடம். 1965 தொடக்கத்தில் வடக்கின்மீது தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது. குண்டு போட விமானம் வேண்டும், விமானத்துக்குத் தளம் வேண்டும். தளத்தைத் தெற்கு அரசை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தாக்குவார்கள், எனவே காவல் வேண்டும். வேலிக்குள் நிற்கும் காவல்காரனை மோர்ட்டார் குண்டு எட்டும். ஆகவே அவன் வேலியைத் தாண்டிப் போய்த் தேட வேண்டும். டா நாங்கில் இறங்கி ஒரு மாதம் ஆவதற்குள் அதற்கும் ஜான்சன் அனுமதி கொடுத்தார், ஊருக்குச் சொல்லாமல். தேடப் போனவனுக்குத் துணைப்படை, துணைப்படைக்குத் தளவாடம், தளவாடத்துக்கு இன்னொரு தளம், அதற்கு மறுபடி காவல். புலிவாலைப் பிடித்த கதைதான். ஒவ்வொரு கட்டத்திலும் கேட்ட கேள்வி, இருப்பதை எப்படிக் காப்பது என்பது மட்டுமே. எதற்காக இருக்கிறோம் என்று உரக்கக் கேட்டவர்கள் குறைவு.

இன்று பிடித்த ஊரை நாளை விட்டுவிட்டு வரும் போரில் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது? பிணங்களை எண்ணினார்கள். எண்ணிக்கை கூடினால் மேலிடத்தில் நல்ல பேர். வயலில் செத்த விவசாயியும் அப்போது கணக்கில் கெரில்லா ஆகிவிடுவார்.

1968 ஜனவரி இறுதியில், டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டு சமயம், தெற்கெங்கும் கம்யூனிஸ்டுகளின் தாக்குதல். தெற்கின் தலைநகர் சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே கெரில்லாக்கள் புகுந்தார்கள். களத்தில் தோற்றவர்கள் அவர்கள்தான். ஆனால், ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டுப் பழகிய அமெரிக்க வீடுகள் டிவியில் பார்த்தது தூதரகத்தை. மார்ச் 31 அன்று, அதிபர் தேர்தலில் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றார் ஜான்சன்.

அடுத்து அதிபராக வந்த நிக்சன் ஆட்களைக் குறைத்தபடியே போரைக் கம்போடியாவுக்குள் கொண்டுபோனார். 1973 ஜனவரியில் பாரிஸ் அமைதி ஒப்பந்தம். மார்ச் 29-இல் கடைசி அமெரிக்கப் படைப்பிரிவும் கிளம்பியது. 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வடக்கின் படையிடம் விழுந்தது.

வாஷிங்டனில் கறுப்புக் கிரானைட் நினைவுச் சுவரில், இந்தப் போரில் இறந்த 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர்கள் தேதி வரிசையில் இருக்கின்றன. இறந்த வியட்நாமியர் பல லட்சம்; அவர்களுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. பெயர் வரிசையின் தொடக்கத்தில் செதுக்கிய ஆண்டு 1959. முதல் இரண்டு பெயர்கள், பியென் ஹோவா முகாமில் ஒரு ஜூலை இரவு சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்ட ஆலோசகர்களுடையவை.