அமெரிக்க மாப்பிள்ளையா? அந்தத் தேதியைக் கேளுங்கள்!



போன மாதம் ஊரிலிருந்து என் சித்தி போன் செய்தாங்க. "தங்கச்சிக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையன் உன் ஊர்ப் பக்கம்தான், டெக்சாஸாம். கிரீன் கார்டு வந்துக்கிட்டே இருக்காம்" என்று ஒரே சந்தோஷம். டெக்சாஸ் எங்கே, நான் இருக்கும் நியூஜெர்சி எங்கே! அதை விடுங்கள். "வந்துக்கிட்டே இருக்கு" என்ற வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை. எங்கள் வீட்டிலும் அது பத்து வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டேதான் இருக்கிறது!

நான் பிளஸ் டூ வரை படித்தவள். சட்டம் கிட்டம் தெரியாது. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

2010 அக்டோபரில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கே வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஹெச் 1 பி விசா. கம்ப்யூட்டர் வேலை போன்ற படித்த வேலைக்கு ஒரு கம்பெனி கேட்டு வாங்கித் தரும் விசா அது. வருஷத்துக்கு 65 ஆயிரம், இங்கேயே மேல்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னொரு 20 ஆயிரம், அவ்வளவுதான் புதிதாகத் தருவார்கள். ஆறு வருஷம் இருக்கலாம். அதற்குள் கிரீன் கார்டு வேலை ஒரு கட்டம் தாண்டியிருந்தால், மூன்று மூன்று வருஷமாக நீட்டிக் கொடுப்பார்கள்.

கிரீன் கார்டை நாமாகப் போய்க் கேட்க முடியாது. பெரும்பாலும் கம்பெனிதான் கேட்க வேண்டும். முதலில் விளம்பரம் போட்டு, "இந்த வேலைக்கு இந்த ஊர் ஆள் கிடைக்கவில்லை" என்று காட்டி, தொழிலாளர் துறையில் மனு போடணும். அந்த மனு போட்ட நாள்தான் பிரியாரிட்டி தேதி. ரேஷன் கடை வரிசையில் பை வைத்த மாதிரி, அன்றைக்குத்தான் நம் இடம் ஆரம்பம். அதற்குப் பிறகு ஐ-140 என்று ஒரு மனு. அது ஒப்புதல் ஆன பிறகு, நம் தேதி வரும் வரை காத்திருந்து கடைசி மனு.

இவர் வேலை பார்த்த முதல் கம்பெனி, "அடுத்த ஏப்ரலில் போடுகிறோம், அடுத்த ஏப்ரலில் போடுகிறோம்" என்றே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டது. இவரும் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தார். (வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் மட்டும் உடனே கேட்பார்!) 2014-ல் வேறு கம்பெனி மாறி, அவர்கள் 2015 மார்ச்சில் மனு போட்டார்கள். 2011-லேயே போட்டிருந்தால் இந்நேரம் கார்டு கையில் இருந்திருக்கும். ஏனென்றால் 2025 ஆகஸ்டில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, எங்கள் பிரிவான இரண்டாம் பிரிவில், 2013 ஜனவரி 1 வரைதான் தேதி வந்திருந்தது.

ஏன் இத்தனை வருஷம் என்று கேட்பீர்கள். வேலை வழியாக ஒரு வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கார்டு. அதில் பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்த்தி. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. சின்ன நாட்டுக்கும் அதே 7, நம் நாட்டுக்கும் அதே 7! மிச்சம் விழுந்தால்தான் கூடக் கொஞ்சம் கிடைக்கும். நாடு என்றால் பாஸ்போர்ட் நாடு இல்லை, பிறந்த நாடு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக் கணக்கில் போகலாம். எங்கள் குடியிருப்பில் ஒரு பெண், அப்பா வேலை பார்த்த சிங்கப்பூரில் பிறந்தவள். அவள் புருஷன் எங்களுக்குப் பின்னால் வந்தவர். அவர்களுக்குக் கார்டு கிடைத்து வீடும் வாங்கிவிட்டார்கள். அவள் பிறந்த சர்டிபிகேட் அத்தனை பவுன் நகைக்குச் சமம்!

2020 அக்டோபரில் ஒரு தடவை கதவு திறந்தது. மூன்றாம் பிரிவில், தேதி 2014 கடைசிக்குள் இருந்தால் கடைசி மனுவைப் போடலாம் என்றார்கள். எங்கள் தேதி 2015 மார்ச். மூன்று மாதத்துக்குள் தவறிப்போச்சு. அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மே மாதம், கொரோனா சமயம், என் அப்பா தவறிவிட்டார். போனால் திரும்பி வர விசா முத்திரை குத்தணும். சென்னையில் அப்பாயிண்ட்மென்ட் கிடைக்காத நேரம். எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. போனில் முகம் பார்த்தேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் எனக்கு வலி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே என் பெண்ணுக்காகத்தான். அவள் பிறந்தது 2008 நவம்பர். தம்பி இங்கே பிறந்ததால் அவன் அமெரிக்கக் குடிமகன். ஒரே வீட்டில் ஒரே இட்லிதான், ஆனால் பாஸ்போர்ட் இரண்டு. 21 வயசு ஆகிவிட்டால் பெண் எங்கள் மனுவிலிருந்து கழன்றுவிடுவாள். 2029 நவம்பர். அதற்குள் தேதி வராவிட்டால் படிப்பு விசாவுக்கு மாறணும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பணும். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத வராது. ஊர் என்றால் அவளுக்குக் கோடை லீவில் பார்த்த ஆத்தா வீடு, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்காக 2002-ல் ஒரு சட்டம் வந்தது. ஐ-140 மனு எத்தனை நாள் நிலுவையில் இருந்ததோ, அத்தனை நாளைப் பிள்ளை வயசிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கூடுதல் பணம் கட்டி வேக வழியில் போட்டு, பதினைந்து நாளுக்குள் ஒப்புதல் வாங்கினோம். அன்று ரவா கேசரி கிண்டி அக்கம் பக்கம் எல்லாம் கொடுத்தேன். இப்போது கழிக்க எங்களுக்கு அந்தச் சில நாள்தான் இருக்கிறது. மெதுவாக வந்தவர்கள் பிள்ளைகளுக்கு மாதக் கணக்கில் கழிவு. இது யாருக்குத் தெரியும்?

அவள் இப்போது கல்லூரிக்கு மனு போடும் வயசு. மத்திய அரசு உதவிப் பணம் அவளுக்குக் கிடையாது. "அம்மா, நான் எதையும் தப்பா செய்யலியே?" என்று கேட்டாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

சித்திக்கு நான் சொன்னது இதுதான். பையனுக்கு ஐ-140 ஒப்புதல் ஆகிவிட்டதா, பிரியாரிட்டி தேதி என்ன, இரண்டையும் கேளுங்கள். தங்கச்சி பி.பார்ம் படித்தவள். கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு ஹெச் 4 விசா. அதில் வேலை பார்க்கும் அனுமதி 2015 மே மாதத்திலிருந்துதான் வந்தது, அதுவும் பொதுவாகப் புருஷனுக்கு ஐ-140 ஆன பிறகுதான். நானே அந்த அனுமதியில் ஒரு கடையில் கல்லாவில் நின்றேன். 2022-ல் புதுப்பிக்கிற காகிதம் வர ஏழு மாசம் ஆச்சு, வேலை போச்சு.

இன்னொன்றும் சொன்னேன். கம்பெனி மாறினாலும் பழைய தேதியைப் பெரும்பாலும் கூடவே கொண்டு போகலாம். ஆனால் ஐ-140 ஒப்புதல் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைக்கணும். பல கம்பெனிகள் கையில் தருவதில்லை. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான். அதற்குள் வேறு கம்பெனி மனுப் போடணும், இல்லையேல் மூட்டை கட்டணும். அதனால் ஆறு மாசச் செலவுக்குப் பணம் ஒதுக்காமல் கார் வாங்காதே என்று தங்கச்சியிடம் தனியாகச் சொன்னேன்.

சித்திக்குக் கோபம். "மாப்பிள்ளை வீட்டில் இதையெல்லாம் கேட்டால் என்ன நினைப்பாங்க?" என்றாங்க. சம்பளம் கேட்கிறோம், வீடு வாசல் கேட்கிறோம், இதைக் கேட்டால் மட்டும் குற்றமா?

கடைசியில் தங்கச்சியே பையனிடம் போனில் கேட்டுவிட்டாள். நல்ல பையன் போலிருக்கிறது, மறைக்கவில்லை. தேதி 2022 பிப்ரவரி, ஐ-140 ஆகிவிட்டது, காகிதமும் இருக்கிறது என்று படம் எடுத்தே அனுப்பினான். "எனக்கு எப்போது வரும் என்று எனக்கே தெரியாது" என்றும் சொன்னானாம். ஜாதகம் பொருந்திவிட்டது என்கிறாங்க சித்தி. தங்கச்சி ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறாள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
எடிசன், நியூஜெர்சி.