அழத் தெரியாத விருந்தாளி

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடி பீங்கான்தான். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் தழும்பாகத் தெரியும். அதை ஈர ஸ்பாஞ்சினால் மெல்லத் துடைத்து வழவழப்பாக்கிய பிறகுதான் சூளைக்கு அனுப்புவார்கள். நம் வீட்டிலும் பாத்திரம் துலக்கவும், மேடை துடைக்கவும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டவும் ஸ்பாஞ்சு இல்லாமல் முடிவதில்லை.

இன்று கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சு பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கடலுக்கு அடியில் உயிரோடு இருக்கிறார். கடல்பஞ்சு என்பார்கள். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ‘துளையுடலி’ என்று இருக்கும்.

கலர் மீன் வளர்த்து ருசி கண்டவர்கள் அடுத்தபடியாக உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குத் தாவுகிறார்கள். அங்கேதான் இந்தக் கடல்பஞ்சு கண்ணில் படுகிறது. குங்குமச் சிவப்பு, மஞ்சள் நிறம், ஊதா என்று பட்டுப்புடவைக் கடை மாதிரி ஜொலிக்கும்! “அம்மா, அதை வாங்கும்மா!” என்று குழந்தை கையைப் பிடித்து இழுக்கும். வாங்குவதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது, சகோதரிகளே.

செடியா, பூவா, பிராணியா?

சந்தேகமே வேண்டாம், பிராணிதான். ஆனால் வாய் கிடையாது, வயிறு கிடையாது, இதயம் கிடையாது, நரம்பும் கிடையாது. “அப்படின்னா எப்படிச் சாப்பிடுது?” என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அதன் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே சாட்டை போன்ற நுண்ணிய இழைகளைக் கொண்ட கோடிக்கணக்கான செல்கள் ஓயாமல் அடித்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். வடிகட்டிய தண்ணீர் மேலே இருக்கும் பெரிய துவாரம் வழியாக வெளியே போய்விடும். காபி பில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பகல் ஓய்வில்லாத பில்டர்! ஒரு நாளில் தன் உடம்பைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு தண்ணீரை வடிகட்டிவிடும்.

உலகத்தில் சுமார் 9,000 வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மட்டும் சுமார் 275 வகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

1907-ல் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஓர் உயிருள்ள கடல்பஞ்சை மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்து, தனித்தனிச் செல்களாகப் பிரித்தார். சற்று நேரத்தில் அவை ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டு மறுபடி கடல்பஞ்சாக வளர ஆரம்பித்தன. இவ்வளவு கெட்டி உயிர், வீட்டுத் தொட்டியில் மட்டும் ஏன் சில வாரங்களில், சில மாதங்களில் போய்விடுகிறது?

பசியைச் சொல்லத் தெரியாது

குழந்தைக்குப் பசித்தால் அழும். மீனுக்குப் பசித்தால் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறக்கும். கடல்பஞ்சு எதுவும் செய்யாது. பட்டினியாகவே இருந்து, மெல்ல மெல்லச் சுருங்கும். சிவப்பாக இருப்பதால் நாமும் “நல்லாத்தான் இருக்கு” என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் அதன் மேல் வெள்ளைப் படலமோ சாம்பல் திட்டோ தெரியும். அப்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும்.

பட்டினிக்குக் காரணம் நம்முடைய சுத்தம்தான்! தொட்டித் தண்ணீர் பளிங்கு போல இருக்க வேண்டும் என்று நுரை பிரிக்கும் கருவி, மெல்லிய பில்டர் பை எல்லாம் வைக்கிறோம். கடல்பஞ்சின் சாப்பாடான நுண்துகள்களை அவை முதலில் எடுத்துவிடுகின்றன. மீனுக்குப் போடும் உருண்டைத் தீனி இதற்கு ஆகாது. பெரும்பாலான வகைகளுக்கு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு அளவுதான் கவளம்! தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சத்தைத் தன் செல்களாக மாற்றி உதிர்த்து, பவளத்திட்டில் உள்ள மற்றச் சிறு பிராணிகளுக்கு உணவாக்குகிறது என்பதை 2013-ல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். தான் சாப்பிட்டு மற்றவர்களுக்கும் பரிமாறும் ஜீவன் அது.

தொட்டி வைப்பவர்களுக்கு

“இருந்தாலும் ஆசையாக இருக்கிறதே” என்பவர்கள் முதலில் இவற்றைக் கவனியுங்கள்:

1. தொட்டி குறைந்தது 200 லிட்டராவது இருக்கட்டும். சின்னத் தொட்டியில் சூடும் உப்பும் சீக்கிரம் ஏறி இறங்கும்.

2. தயிருக்கு உறை ஊற்றிக் காத்திருப்பதில்லையா? அதுபோல் புதுத் தொட்டியிலும் நல்ல பாக்டீரியா ஊற வேண்டும். மீன் விடவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்பஞ்சுக்கு ஆறு மாதமாவது பழகிய தொட்டி வேண்டும். ஒரு வருஷம் என்றால் இன்னும் நல்லது.

3. சமையல் உப்பு கூடவே கூடாது. கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பு மாவையே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கணக்கில் தனி வாளியில் கரைத்து, ஒரு நாள் ஓடவிட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

4. ரசம் கொதித்துச் சுண்டினால் உப்புக் கரிக்கும். தொட்டியும் அப்படித்தான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரையே தினமும் ஊற்ற வேண்டும்.

5. 24 முதல் 27 டிகிரி வரை சூடு இருக்கலாம். கத்திரி வெயிலில் விருத்தாசலம் 40 டிகிரியைத் தொடும் ஊர். குளிர்விக்கும் கருவி இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். மின்சாரம் போனால் ஓட பேட்டரி மோட்டாரும் தேவை.

6. நேர் வெளிச்சம் பெரும்பாலான வகைகளுக்கு ஆகாது. மேலே பாசி படர்ந்து துளைகளை அடைத்துவிடும். கல்லின் அடியில் நிழலான இடத்தில், தண்ணீர் நன்றாக ஓடும்படி வையுங்கள்.

7. மிக முக்கியம்: தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது! உள்ளே காற்று புகுந்தால் பல வகைகளில் அந்தப் பகுதி அழுக ஆரம்பிக்கும். பையில் வந்தால் பையைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே மாற்ற வேண்டும்.

8. ‘ஏஞ்சல்’ வகைக் கடல் மீன்களுக்குக் கடல்பஞ்சு என்றால் பலகாரம் மாதிரி. இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள்.

வெள்ளைத் திட்டு தெரிந்தால் அந்தப் பகுதியைத் தண்ணீருக்குள்ளேயே கூரான பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள். “பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடாதீர்கள். அழுகும் கடல்பஞ்சு தண்ணீரைக் கெடுக்கும். சில வகைகள் நஞ்சையும் கக்கும். விடிந்து பார்த்தால் மீன்களும் மிதக்கலாம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

பார்க்கப் பஞ்சு போலிருந்தாலும் பல வகைகளின் உடம்புக்குள் கண்ணாடி ஊசிகள் இருக்கின்றன. நிஜமாகவே கண்ணாடிதான்! மணலிலும் பீங்கான் களிமண்ணிலும் இருக்கும் அதே சிலிக்காவைக் கடல் தண்ணீரிலிருந்து எடுத்து, சூளையே இல்லாமல் ஊசி வார்க்கிறது அது. வெறும் கையால் தொட்டால் அந்த ஊசிகள் தோலில் ஏறும். நெருப்புப் பஞ்சு என்ற வகை தொட்டவுடன் எரிச்சலும் தடிப்பும் உண்டாக்கும்.

தொட்டிக்குள் கை விடும்போது ரப்பர் கையுறை அவசியம். ஊசி ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள். ஈரம் போனதும் ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டி மெல்ல உரித்தால் ஊசிகள் அதோடு வந்துவிடும். பிறகு வினிகரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைக்கலாம். வீக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் கைவைத்தியம் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று மின்சாரம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒயரைப் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கவிட்டு வளைத்து மாட்டினால், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். ஷாக் அடித்தால் தானே நிறுத்தும் ஸ்விட்ச் போட்டுக்கொள்வது நல்லது. தொட்டிக்குள் கை விடுமுன் மெயினை நிறுத்துங்கள்.

பீங்கான் காட்டும் வழி

காசு கொடுத்து வாங்காமலே கடல்பஞ்சைப் பார்க்க ஒரு வழி உண்டு. உப்புத் தண்ணீர்த் தொட்டியின் பில்டரில் மெருகு பூசாத பீங்கான் வளையங்கள் போடுவார்கள். சுட்ட பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். நல்ல பாக்டீரியா குடியேற அதைவிட வசதியான வீடு கிடையாது. பழகிய தொட்டியில், வெளிச்சம் படாத அந்த மூலையில், கொஞ்ச காலத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் குட்டிக் குட்டி ஜாடிகள் முளைக்கலாம். தலையில் குடுமி வைத்த அன்னாசிப்பழம் போலிருக்கும். “ஐயோ, பூஞ்சைக்காளான்!” என்று சுரண்டிவிடாதீர்கள். அதுவும் கடல்பஞ்சுதான். பழகிய தொட்டியிலிருந்து வந்த கல்லோடோ தண்ணீரோடோ ஒட்டி வந்து தானாக வளர்வது. அந்தத் தொட்டியின் சாப்பாடு அதற்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கூப்பிடாமலே வந்த விருந்தாளி. குழந்தையிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் காட்டுங்கள், கண் அகலப் பார்க்கும்!

ஓர் எச்சரிக்கை: பீங்கான்தானே என்று சாயம் பூசிய கொலுப் பொம்மையைத் தொட்டிக்குள் வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் சாயமும் அதிலுள்ள உலோகமும் கரைந்து உயிர்களுக்கு ஆபத்தாகலாம். பொம்மை படியிலேயே அழகு.

மருந்து தந்த கடல்பஞ்சு

ஓடவோ ஒளியவோ முடியாத ஜீவன் ஆதலால், எதிரிகளிடமிருந்து தப்பக் கடல்பஞ்சு விதவிதமான ரசாயனங்களைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. 1950-களில் பெர்க்மன் என்ற விஞ்ஞானி கரீபியக் கடல்பஞ்சு ஒன்றில் புதுமையான சில பொருள்களைக் கண்டுபிடித்தார். அவற்றைப் பார்த்துச் செய்யப்பட்ட ‘சைட்டராபின்’ என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1969-ல் அனுமதி கிடைத்தது. ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். 1986-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் வேறொரு கடல்பஞ்சில் கண்ட பொருளை ஒட்டி உருவான ‘எரிபுலின்’, முற்றிய மார்பகப் புற்றுநோய்க்காக 2010-ல் அங்கே அனுமதி பெற்றது. இரண்டையும் இப்போது ரசாயன முறையில் தயாரிக்கிறார்கள். ஆனால் வழி காட்டியது ஒரு வாயில்லா ஜீவன்! எத்தனை தாய்மார்களுக்கு அதனால் ஆயுள் நீண்டிருக்கிறதோ!

வாங்கும் முன் கேளுங்கள்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சுற்றுக் கடலையும் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ல் பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை இவற்றோடு சுண்ணாம்பு வகைக் கடல்பஞ்சுகளும் சேர்ந்தன. ஆகவே யாராவது கடலிலிருந்து பெயர்த்த கல், பவளம், பஞ்சு என்று விற்க வந்தால், “வேண்டாம்ப்பா” என்று சொல்லிவிடுங்கள். கூடத்துத் தொட்டியில் சில வாரம் இருந்து சாவதற்காக அது கடலில் பிறக்கவில்லை. அழுங்காமைக்கு அதுதான் ஆகாரம், சின்ன இறால்களுக்கும் நண்டுகளுக்கும் அதுதான் வீடு.

தொட்டி வைத்தே தீருவேன் என்பவர்கள் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீனோடு ஆரம்பியுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். கடல் உயிர்களைப் பற்றிப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, விருத்தாசலத்திலிருந்து அதிக தூரமில்லாத பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் அது. மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வெள்ளாற்றோடு சேர்ந்து அங்கேதான் போய்ச் சேருகிறது. நம் ஊர் ஆற்றில் நாம் போடும் குப்பையும் சாக்கடையும் கடைசியில் யார் வீட்டுக்குப் போகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

வாங்கத்தான் வேண்டும் என்று கணவரும் குழந்தையும் பிடிவாதம் பிடித்தால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எங்கிருந்து வந்தது? தண்ணீரை விட்டு வெளியே எடுத்தீர்களா? தினமும் என்ன கொடுத்தீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் இல்லையென்றால், அந்தச் சிவப்பழகியைக் கண்ணால் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புங்கள்.